லவ் பேர்ட்ஸ் காலில் கிடக்கும் ரிங் என்ன சொல்கிறது?

போன ஆவணியில் ஒரு காலை, எங்கள் வீட்டு வேப்பமரத்தில் சாம்பல் நிறக் காக்டெய்ல் கிளி ஒன்று வந்து உட்கார்ந்தது. அவிநாசியை ஒட்டிய ஊர் எங்களுடையது. மைனாவும் தவிட்டுக்குருவியும் குடியிருக்கும் மரத்தில் கொண்டையும் ஆரஞ்சுக் கன்னமுமாக ஒரு புது விருந்தாளி. வலது காலில் நீல நிற வளையம் ஒன்று மின்னியது. தினைத் தட்டை நீட்டியதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பசி தாங்காமல் என் மணிக்கட்டில் இறங்கிவிட்டது.

அதற்குள் வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பால் ஊற்ற வந்தவர், “ஏனுங்க, அந்த ரிங்குக்குள் சிப் இருக்குமாமே? போனிலேயே இடம் காட்டுமாமே?” என்றார். எதிர்வீட்டு அக்காவுக்கு அது திருஷ்டிக்குப் போட்டது. “கவர்மெண்ட் முத்திரைங்க, கை வைத்தால் கேஸ் ஆகிவிடும்” என்றார் இன்னொருவர். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பறவைக்குத்தான் ரிங் இருக்கும் என்று ஒரு கல்லூரிப் பையன் அடித்துச் சொன்னான்.

மொட்டைமாடியில் பதினோரு ஆண்டுகளாகப் பறவை வளர்க்கிறேன். இந்த நான்கு பதில்களையும் சந்தையில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் கேட்டிருக்கிறேன். நான்கும் தவறு. பறவை விற்பவர்களே பாதிப் பேர் இதைக் குழப்பித்தான் சொல்கிறார்கள். அதனால் இதுவரை ஒரு பறவைகூட வளர்க்காதவர்களுக்கும் புரியும்படி அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

பண்டில் சீட்டு

நான் வேலை பார்ப்பது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில். கட்டிங் முடிந்ததும் கை, முன்பக்கம், பின்பக்கம் எல்லாம் கட்டுக் கட்டாகப் பிரியும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு சீட்டு. அதில் லாட் எண், சைஸ், பண்டில் எண், அவ்வளவுதான் இருக்கும். பார்ட்டியின் பெயரோ விலையோ, துணி எந்த டையிங்கில் சாயமேறியது என்பதோ அந்தச் சீட்டில் கிடையாது. செக்கிங்கில் ஒரு கையின் நிறம் மட்டும் லேசாக மாறித் தெரிந்தால், அந்த எண்ணைக் கொண்டுபோய் ரிஜிஸ்டரில் பார்ப்போம். அத்தனையும் அங்கே இருக்கும். ரிஜிஸ்டர் தொலைந்தால் சீட்டு வெறும் காகிதம்.

பறவையின் கால் வளையமும் அந்தச் சீட்டைப் போன்றதுதான். பறவையின் விரல்களுக்கு மேலே தோல் செதில் செதிலாக இருக்கும் மெல்லிய கால்தண்டில் மாட்டப்படும் சிறிய உலோக வளையம் அது. கால் வளையம் என்றாலும் ரிங் என்றாலும் ஒன்றுதான். பெரும்பாலும் அலுமினியம். அலகு பலமுள்ள பெரிய கிளிகள் அலுமினியத்தைக் கடித்து நசுக்கிவிடும் என்பதால் அவற்றுக்கு எவர்சில்வர். வளையத்தின் மேல் பொடி எழுத்தில் மூன்று விஷயங்கள் இருக்கும்: வளர்ப்பவரையோ சங்கத்தையோ குறிக்கும் ஓரிரு எழுத்துகள், பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், ஒரு வரிசை எண். கே.எம்., 24, 117 என்று இருந்தால் கே.எம். என்பவரின் கூட்டில் 2024-இல் வளையமிட்ட 117-ஆவது குஞ்சு என்று அர்த்தம். சிலவற்றில் வளையத்தின் அளவும் பொறித்திருக்கும்.

மாட்டின் காதில் மஞ்சள் வில்லையைப் பார்த்திருப்பீர்கள். கண்ணபுரம் சந்தைக்கு வரும் காங்கேயம் காளையாக இருந்தாலும் கட்டுத்தரையில் நிற்கும் கலப்பினக் கறவையாக இருந்தாலும், அந்த வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். அதற்குப் பின்னால் நாடு முழுவதற்குமான ஒரு கணினிப் பதிவு இருக்கிறது. பறவை வளையத்துக்கு அப்படி ஒரே பேரேடு கிடையாது. வளர்ப்பவர் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டோ, அவர் சேர்ந்திருக்கும் சங்கத்தின் பதிவேடோதான் அதன் ரிஜிஸ்டர். ‘கவர்மெண்ட் முத்திரை’ என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது. எந்த எழுத்தை வேண்டுமானாலும் பொறித்துத் தரச் சொல்லி, யார் வேண்டுமானாலும் நூறு வளையம் வாங்கலாம். நானும் அப்படித்தான் வாங்குகிறேன்.

வளையலும் மெட்டியும்

வளையத்தில் இரண்டு வகை உண்டு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் சந்தையில் ஏமாறுகிறோம்.

சின்னப் பெண்ணுக்குப் போட்ட தங்க வளையலை வருடக் கணக்கில் கழற்றாமல் விட்டுவிட்டால் என்ன ஆகும்? கை வளரும், வளையல் வளராது. ஒருநாள் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் முழங்கை பக்கமும் போகாது, விரல் பக்கமும் வராது. ஆசாரியிடம் போய் வெட்டித்தான் எடுக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் அந்த வளையலைப் பார்த்தாலும், இது கை சின்னதாக இருந்தபோது போட்டது என்று சொல்லிவிடுவார்.

மெட்டி அப்படியல்ல. அதன் அடியில் ஒரு பிளவு இருக்கும். விரித்து மாட்டலாம், அழுத்தி இறுக்கலாம், நாளைக்கே கழற்றி வேறொருவர் விரலுக்கும் போடலாம்.

வளையலைப் போல இணைப்பே இல்லாத முழு வட்டமாக இருப்பது மூடிய வளையம். பறவைக்காரர்கள் ‘குளோஸ் ரிங்’ என்பார்கள். மெட்டியைப் போலப் பிளவு உள்ளது திறந்த வளையம், அதாவது ‘ஓப்பன் ரிங்’. திறந்த வளையத்தை எந்த வயதுப் பறவைக்கும் எந்த நாளிலும் இடுக்கியால் மாட்டலாம். மூடிய வளையத்தைக் குஞ்சாக இருக்கும்போது சில நாள்களுக்குள் போட்டால்தான் உண்டு.

இந்தச் ‘சில நாள்கள்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குஞ்சின் விரல்கள் மென்மையாக, ஒன்றோடொன்று மடிந்து சேரும்படி இருக்கும். அப்போது வளையம் நுழையும். ஒரு வாரம் பத்து நாளில் பாதம் பருத்துவிடும், விரல் கணுக்கள் கெட்டியாகிவிடும். அதன்பிறகு அந்த வளையம் கால்தண்டில் மேலும் கீழும் தாராளமாக ஆடும், ஆனால் பாதத்தைத் தாண்டி இறங்காது, மேலே மூட்டைத் தாண்டியும் ஏறாது. எனவே முழு வளர்ந்த பறவையின் காலில் சரியான அளவுள்ள மூடிய வளையம் இருந்தால் அது ஒரு சாட்சி. கண் திறந்தும் திறக்காத நாள்களில் இந்தப் பறவை மனிதக் கைக்குள் இருந்திருக்கிறது. காட்டில் வலை போட்டுப் பிடித்த பெரிய பறவைக்கு இந்தச் சாட்சியை உருவாக்க முடியாது.

பன்னாட்டுச் சட்டமும் இந்த எளிய உண்மையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்று 1973-இல் கையெழுத்தாகி 1975-இல் நடைமுறைக்கு வந்தது. சைட்டீஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மூடிய வளையம் என்றால் வெட்டோ இணைப்போ இல்லாத முழு வட்டமாக, பறவையின் முதல் நாள்களில் போட்டதாக, கால் வளர்ந்தபின் கழற்ற முடியாத அளவுள்ளதாக இருக்க வேண்டும் என்று அந்த ஒப்பந்தத்தின் கீழ் வகுத்திருக்கிறார்கள். வளையல் கதைதான், வக்கீல் மொழியில்.

ஒரு பானை, ஏழு நாள் குஞ்சு

இதைக் கண்ணால் பார்த்தால் சட்டென்று புரிந்துவிடும். எங்கள் பக்கம் லவ் பேர்ட்ஸ் என்று எல்லாரும் சொல்வது பட்ஜி என்கிற ஆஸ்திரேலியச் சிறு கிளியைத்தான். உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. அது தனிப் பஞ்சாயத்து, இருக்கட்டும். பட்ஜிக்கு மண்பானையைப் பக்கவாட்டில் ஓட்டை போட்டுக் கட்டித் தொங்கவிட்டால் அதற்குள் முட்டையிடும்.

நான் வளையம் போடுவது மாலை ஆறு மணிக்கு மேல், வெளிச்சம் மங்கும் நேரத்தில். காரணம் இருக்கிறது. தாய்ப் பறவை பானையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். பளபளவென்று ஏதோ கிடப்பதைப் பார்த்தால் எச்சம் என்று நினைத்துத் தூக்கி எறியப் பார்க்கும். வளையம் குஞ்சின் காலில் இருப்பதால் குஞ்சும் சேர்ந்து வெளியே வந்து விழும். முதல் வருடம் காலையில் வளையம் போட்டு ஒரு குஞ்சைத் தரையில் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. இருட்டப்போகும் நேரத்தில் போட்டால் விடிவதற்குள் தாய்க்கும் பழகிவிடுகிறது. வளையத்தின் மேல் கொஞ்சம் அழுக்கைத் தடவிவிடுவதும் உண்டு.

உள்ளங்கையில் ஒரு குஞ்சு. உடம்பில் இறகு இல்லை, வெந்நீரில் போட்டு எடுத்ததுபோல இளஞ்சிவப்பு. வயிற்றுக்கு மேலே தீனிப்பை வெளுத்துப் புடைத்திருக்கிறது, உள்ளே அரைபட்ட தினை தோலுக்கு வெளியே தெரிகிறது. கிளி இனத்துக்கு விரல்கள் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. நீளமான மூன்று விரல்களையும் திரி திரிப்பதுபோல ஒன்றாகச் சேர்த்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு, வளையத்துக்குள் விட வேண்டும். பட்ஜியின் வளையம் உள்விட்டம் சுமார் 4 மில்லிமீட்டர். மூன்று விரல்களைத் தாண்டி, பின்னால் மடக்கி வைத்த குட்டி விரலின் மேலாக அது ஏறும். பிறகு மழுங்கிய ஈர்க்குச்சியால் அந்தக் குட்டி விரலை மெதுவாகக் கீழே எடுத்துவிட வேண்டும். டக்கென்று விரல் வெளியே வரும். முடிந்தது. குஞ்சு கத்துவது பிடித்து வைத்திருக்கிறோமே என்ற கோபத்தில். வலி இருந்தால் ஏதோ தவறு செய்கிறோம் என்று பொருள்.

மறுநாள் காலை பார்க்க வேண்டும். வளையம் பானைக்குள் கழன்று கிடந்தால் ஒருநாள் முந்திவிட்டோம், மறுபடி போடலாம். நுழையவே மறுத்தால் பிந்திவிட்டோம், விட்டுவிட வேண்டும். பலவந்தமாக ஏற்றினால் விரல் ஒடியும். அந்தக் குஞ்சு வளையம் இல்லாமலே வாழ்ந்துவிட்டுப் போகட்டும்.

போட்ட கையோடு நோட்டில் எழுத வேண்டும்: எண், தேதி, பானை, அப்பா அம்மாவின் எண்கள், கூடப் பிறந்தவை. நிறத்தை இறகு முளைத்தபின் சேர்த்துக்கொள்ளலாம். இந்த வரியை எழுதாதவர் அந்தக் குஞ்சின் காலில் ஒரு நகையை மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதைத் திரட்டிக்கொள்வோம். ரிங் என்பது ஓர் எண். அந்த எண்ணுக்கு உயிர் கொடுப்பது பின்னால் இருக்கும் நோட்டு. மூடிய வளையமாக இருந்தால் எண்ணோடு இன்னொரு செய்தியும் கிடைக்கிறது: குஞ்சுப் பருவத்திலேயே மனிதக் கையில் இருந்த பறவை. திறந்த வளையத்துக்கு இந்த இரண்டாவது செய்தி கிடையாது.

எண் எதற்கு உதவுகிறது?

முதல் பயன், சொந்தத்துக்குள் ஜோடி சேர்க்காமல் இருக்க. முப்பது பச்சை நிற பட்ஜி பறக்கும் கூண்டில் அண்ணன் எது தங்கை எது என்று கண்ணால் சொல்ல முடியாது. எங்கள் அப்பாரு நாட்டுக்கோழிகளுக்குக் காலில் வேறு வேறு நிறத் துணிக் கிழிசலைக் கட்டி வைத்திருப்பார், எந்தக் கோழியின் குஞ்சு எது என்று தெரிய. மழை வந்தால் சாயம் போய் எல்லாம் ஒரே நிறமாகிவிடும். இரண்டு மூன்று தலைமுறை நெருங்கிய உறவுக்குள்ளேயே ஜோடி சேர்ந்தால் முட்டை பொரிப்பது குறையும், குஞ்சு வலுவில்லாமல் வரும், ஊனங்கள் கூடும். பொண்ணு பார்க்கக் கிளம்பும் முன் கூட்டம், அதாவது குலம், என்ன என்று கேட்கும் ஊர்க்காரர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தங்கை முறை. பறவைக்குக் கூட்டத்தின் பெயர் காலில் இருக்கிறது.

அடுத்தது ஆணா பெண்ணா என்ற கேள்வி. சன் கனூர் போன்ற கிளிகளில் ஆணும் பெண்ணும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். ஓர் இறகைப் பிடுங்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்துதான் தெரிந்துகொள்ள முடியும். திரும்பி வரும் அட்டையில் ரிங் எண் இருக்கும். பறவையின் காலில் இருக்கும் எண்ணும் அட்டையின் எண்ணும் பொருந்தவில்லை என்றால் அந்த அட்டை வேறு யாருடைய ஜாதகமோ. ஆணுக்கு வலது கால், பெண்ணுக்கு இடது கால் என்று சிலர் போடும் வழக்கமும் உண்டு. அது அவரவர் வசதிக்குச் செய்வது, எல்லாருக்கும் பொதுவான விதி இல்லை. கால் பக்கத்தை வைத்து ஜோடி வாங்கிவிட்டு ஆறு மாதம் முட்டைக்குக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

வயது, நோய், மருந்து எல்லாவற்றுக்கும் எண்தான் தலைப்பு. இதற்கு மேல் விரிக்க ஒன்றுமில்லை.

சிப் கதை எங்கிருந்து வந்தது?

பால்காரர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. பந்தயப் புறாவிலிருந்து வந்த துளி அது. பந்தயப் புறாவுக்கு ஒரு வார வயதில் மூடிய வளையம் போடுவார்கள், சுமார் 8 மில்லிமீட்டர் உள்விட்டம். அது ஆயுள் முழுவதும் இருக்கும். பந்தயத்தின்போது மட்டும் இன்னொரு வளையம் சேரும். பழைய முறையில் அது எண் போட்ட ரப்பர் வளையம். புறா வீடு திரும்பியதும் அதைக் கழற்றி, பூட்டிய கடிகாரப் பெட்டிக்குள் போட்டு நேரத்தைப் பதிவார்கள். இன்றைக்குப் பல இடங்களில் அதற்குப் பதிலாகச் சிப் உள்ள வளையம். கூண்டின் வாசல் பலகையில் புறா கால் வைத்ததும் பலகை எண்ணைப் படித்துவிடும்.

அந்தச் சிப்பும் இடம் காட்டாது. காரின் கண்ணாடியில் ஒட்டும் ஃபாஸ்டேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பேட்டரி கிடையாது. விஜயமங்கலம் டோல்கேட்டைத் தாண்டும்போது அங்கிருக்கும் கருவி எழுப்பிக் கேட்டால் தன் எண்ணைச் சொல்லும். டோல்கேட் தாண்டிப் பெருந்துறையில் நீங்கள் எந்தக் கடையில் டீ குடிக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. புறாவின் சிப்பும் அப்படித்தான், வாசல் பலகையைத் தொட்டால் மட்டும் வாய் திறக்கும். இடம் காட்ட வேண்டுமானால் பேட்டரியும் செயற்கைக்கோள் சமிக்ஞை வாங்கும் கருவியும் வேண்டும். அதை முப்பது நாற்பது கிராம் எடையுள்ள பட்ஜியின் காலில் கட்டினால் பட்ஜி பறக்காது, நடக்கும்.

இந்தத் தவறான எண்ணம் ஒரு புறாவை எட்டு மாதம் சிறை வைத்தது. 2023 மே மாதம் மும்பை செம்பூர்ப் பகுதியில் இரண்டு கால்களிலும் வளையத்தோடு, இறகில் சீன எழுத்துபோல ஏதோ எழுதியிருந்த புறா ஒன்று பிடிபட்டது. உளவு பார்க்க வந்ததோ என்று சந்தேகம். வழக்கு, விசாரணை, கால்நடை மருத்துவமனையில் கூண்டு. கடைசியில் அது தைவானில் பந்தயம் பறந்த புறா என்று தெரிந்து, 2024 ஜனவரி இறுதியில் திறந்துவிட்டார்கள்.

காட்டுப் பறவைக்குப் போடும் வளையம் வேறு

வெள்ளோடு ஏரிக்குப் போகிறவர்கள் சில நேரம் காலில் வளையமுள்ள நீர்ப்பறவையைப் படம் எடுத்து வந்து, “யாரோ வளர்த்த பறவை தப்பித்துவிட்டது” என்பார்கள். பெரும்பாலும் இல்லை. அது ஆராய்ச்சியாளர்கள் பிடித்து வளையம் போட்டுப் பறக்கவிட்டது. 1899-இல் டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் எண் பொறித்த அலுமினிய வளையங்களை ஸ்டார்லிங் பறவைகளுக்கு மாட்டித் தொடங்கிய முறை இது. ஸ்டார்லிங் நம் மைனாவுக்குப் பங்காளி. இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் முயற்சியில் 1959-இல் இதைப் பெரிய அளவில் எடுத்துச் செய்தது. அவர் பெயரில் 1990-இல் தொடங்கிய பறவை ஆராய்ச்சி மையம் நம் ஆனைகட்டியில்தான் இருக்கிறது.

இங்கே பெரிய பறவைகளையே பிடித்துப் போடுவதால் வளையம் பெரும்பாலும் திறந்த வகை. ஆகவே திறந்த வளையம் என்றாலே மோசடி என்று நினைக்க வேண்டாம். அது எதற்காகப் போட்டது என்பதைப் பொறுத்தது.

நோட்டின் அருமைக்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது: பசிபிக் கடலின் மிட்வே தீவில் 1956-இல் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அல்பட்ராஸ் என்ற கடற்பறவையில் ஒரு பெண்ணுக்கு வளையம் போட்டார். கடல் உப்பில் உலோகம் தேயும். தேயத் தேயப் புது வளையம் மாற்றிக்கொண்டே வந்தார்கள். 2002-இல் அதே ராபின்ஸ் அதே தீவில் ஒரு பறவையைப் பிடித்து, ஊர் திரும்பிப் பழைய பேரேடுகளைப் பின்னோக்கிப் புரட்டினார். வளையம் வளையமாகப் பின்னால் போய், அது தான் 46 ஆண்டுகளுக்கு முன் கையில் பிடித்த அதே பறவை என்று கண்டுபிடித்தார். விஸ்டம் என்று பெயரிட்டார்கள். 2024-இன் இறுதியில், எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அது முட்டையிட்டது. முதல் வளையம் எப்போதோ போய்விட்டது. பேரேட்டை யாரோ பத்திரமாக வைத்திருந்ததால் பறவை தொலையவில்லை.

சுருக்கமாக, வளர்ப்புப் பறவையின் வளையம் பிறப்பைச் சொல்ல, புறாவின் பந்தய வளையம் நேரத்தைச் சொல்ல, காட்டுப் பறவையின் வளையம் பயணத்தைச் சொல்ல. மூன்றும் தாமாக இடம் காட்டுவதில்லை.

ரிங் எதைச் சொல்லாது?

தரத்தைச் சொல்லாது. ‘ரிங் பேர்ட்ஸ்’ என்று ஒரு ஜோடிக்குக் கூடுதலாக விலை சொல்வார்கள். வளையம் போட்டதால் பறவைக்கு நோய் இல்லை என்றோ, இறக்குமதி ரத்தம் என்றோ ஆகாது. ஐந்தாறு வருடத்துக்கு முன் ஒரு கடையில் ‘குளோஸ் ரிங்’ என்று நம்பி சன் கனூர் ஜோடி வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிடித்துப் பார்த்தால், வளையத்தின் அடிப்பக்கம் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. இடுக்கியால் இறுக்கி மூடிய திறந்த வளையம். ஆண்டு என்று பொறித்திருந்ததும் பொய். கடைக்காரர் சிரித்தபடி, “பறவை நன்றாகத்தானே இருக்கிறது” என்றார். அன்றிலிருந்து வளையத்தை நகத்தால் சுற்றிலும் தடவிப் பார்க்காமல் பணத்தை எடுப்பதில்லை. கோடு தட்டுப்படக்கூடாது. பாதத்தைத் தாண்டிக் கழன்றுவிடும் அளவுக்கு லொடலொடவென்றும் இருக்கக்கூடாது. பெரிய அளவு வளையத்தை வளர்ந்த பறவைக்கு மாட்டிவிடும் தந்திரமும் இருக்கிறது.

எண்ணே போலியாகவும் இருக்கலாம். 2020 டிசம்பர் 26 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஒரு வீட்டுக் கொல்லையில் புறா ஒன்று வந்து நின்றது. வளைய எண்ணைத் தேடினால் அமெரிக்காவில் ஒரேகான் பந்தயத்தில் காணாமல் போன புறாவின் எண். பசிபிக்கைத் தாண்டி வந்த அதிசயம் என்று உலகமே பேசியது. நோய் கொண்டு வந்திருக்கும் என்று அதைக் கொல்ல அதிகாரிகள் தயாரானார்கள். பிறகு அமெரிக்கப் பந்தயப் புறாச் சங்கம் தன் பதிவேட்டைப் பார்த்து, அந்த எண்ணுக்குரிய புறா வேறு நிறம், இது போலி வளையம் என்று சொன்னது. உள்ளூர்ப் புறாதான் என்று விட்டுவிட்டார்கள். போலி எண்ணால் சாகப்போன புறா, அந்தப் போலியைக் காட்டிக்கொடுத்த பதிவேட்டால் பிழைத்தது.

சட்ட அனுமதியையும் வளையம் தராது. நம் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதன் காலில் தங்கத்தில் மூடிய வளையம் போட்டிருந்தாலும் குற்றம்தான். வெளிநாட்டு இனங்களில் சைட்டீஸ் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்பவர்கள், 2022-இன் சட்டத் திருத்தமும் 2024-இன் விதிகளும் சொல்கிறபடி மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையத்தளத்தில் பதிய வேண்டும். சன் கனூரும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பட்ஜியும் காக்டெய்லும் இல்லை. ரிங் எண் பதிவுக்கு ஓர் அடையாளமாக உதவலாம். பதிவுக்குப் பதிலாக நிற்காது.

வளையமே வினையாகும்போது

இதைச் சொல்லாமல் ரிங்கைப் புகழ்ந்துகொண்டே போனால் நியாயமில்லை. வளையம் கம்பி வலையின் முனையில் மாட்டிக்கொள்ளும். திறந்த வளையத்தின் பிளவு சரியாக மூடவில்லை என்றால் ஊஞ்சல் கயிற்றின் நூல் அதில் சிக்கி, பறவை இரவெல்லாம் தலைகீழாகத் தொங்கும். அளவு தப்பிய மூடிய வளையம் காலை இறுக்கும். சில நேரம் வளையத்துக்கும் காலுக்கும் நடுவே செத்த தோல் சேர்ந்து கெட்டியாகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். வாரம் ஒருமுறை வளையம் சுழல்கிறதா என்று பார்த்தால் போதும். சுழலவில்லை, கால் வீங்கியிருக்கிறது, பறவை அதையே கொத்துகிறது என்றால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டுக் கட்டிங் பிளையரால் வெட்ட முயல வேண்டாம். வளையம் முறுகும்போது தீக்குச்சி கனக் காலும் சேர்ந்து முறியும். வெட்டி எடுத்த வளையத்தைத் தூக்கிப் போடாமல் நோட்டில் அந்த எண்ணின் பக்கத்திலேயே டேப் போட்டு ஒட்டி வையுங்கள். என் நோட்டில் அப்படி மூன்று ஒட்டியிருக்கின்றன.

வேப்பமரத்துக் காக்டெய்ல்

அந்த நீல வளையத்தை நகத்தால் தடவிப் பார்த்தேன். கோடு இல்லை. இரண்டு எழுத்து, 22, பிறகு ஒரு மூன்றிலக்க எண். யாருடைய எழுத்து என்று தெரியவில்லை, தேட ஒரு பேரேடும் இல்லை. திருப்பூர், ஈரோடு, கோபி பக்கத்துப் பறவை வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுக்களில் படம் போட்டேன். படம் எடுக்கும்போது வளையத்தை விரலால் மறைத்துக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எண் தெரியும்படி படம் போட்டால், கேட்டு வருகிறவர் எல்லாரும் அந்த எண்ணைச் சொல்வார்கள்.

மூன்று பேர் கூப்பிட்டார்கள். முதல் ஆள், “சாம்பல் நிறம்தானுங்க, நம்முடையதேதான்” என்றார். ரிங் எண் கேட்டதும் பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டார். இரண்டாவது ஆளின் பறவைக்கு ரிங்கே கிடையாது. மூன்றாவது, சேவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி. “ஒரு நிமிடம் இருங்கண்ணா, நோட்டு பூஜை அறையில் இருக்கிறது” என்றார். பக்கம் புரளும் சத்தம் போனில் கேட்டது. எழுத்தைச் சொன்னார், ஆண்டைச் சொன்னார், எண்ணைச் சொன்னார். அதோடு நிற்காமல், “இதோடு கூடப் பிறந்தது ஒன்று போன மாசியில் பூனை பிடித்துவிட்டதுங்க, இது ஒன்றுதான் மிச்சம்” என்றார்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் மகனோடு வந்து, அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு எடுத்துப் போனார்கள்.